இடது பின்கதவில் ஒரு சாண் கீறல்

வெள்ளியங்கிரியின் காரில் கீறல் விழுந்தது செப்டம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு. பத்து பதினாறுக்குக் காவல் நிலையத்தில் புகார் பதிவாகிவிட்டது. வெள்ளியங்கிரிக்கு விஷயம் தெரிந்தபோது மணி பத்து இருபது.

இந்த வரிசையில் தவறொன்றும் இல்லை. வாகனச் சேத விரைவுச் சட்டம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் கார் கேமராவில் பதிந்ததை எடுத்துக்கொண்டு வண்டிக்காரர்கள் காவல் நிலையத்துக்கு அலைவார்கள். போலீசார் முகம் தெளிவாக இல்லை என்பார்கள், நேரம் சரியாக விழவில்லை என்பார்கள், இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்பார்கள். இப்போது அந்த அலைச்சல் இல்லை. காரைச் சுற்றி எட்டு கேமரா. அடி பட்டதும் காரே அந்தத் துண்டை வெட்டி, முகத்தை அடையாளம் பார்த்து, புகார் எழுதி, நிலையத்துக்கு அனுப்பிவிடும். சொந்தக்காரர் ஏழு நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும்.

வெள்ளியங்கிரிக்கு ஐம்பத்தொரு வயது. பம்புசெட் தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தார். இடது பின்கதவில் சரியாக ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. முப்பது வருடமாகக் கோடு போட்டே பிழைத்தவர் என்பதால் அதன் நேர்த்தி முதலில் கண்ணில் பட்டது. கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் காவல் நிலையத்துக்குப் போனார். வாகனப் பிரிவு கீழ்த்தளத்தில், ஏசி போட்ட ஹாலில் இருந்தது. மனிதர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மாடிக்குப் போக வேண்டும். லிப்ட் வேலை செய்யவில்லை என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டையில் தூசி படிந்திருந்தது.

தலைமைக் காவலர் ஷாகிதா, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாருங்க சார். அடையாளம் தெரியுதான்னு சொல்லுங்க."

திரையில் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊதா நிறப் புடவை, தோளில் துணிப்பை. கையில் வைத்திருந்த சீட்டையும் காரின் நம்பரையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். கதவின் மேல் இடது கையை விரித்து வைத்து, அளவு பார்த்துக்கொண்டு, நிதானமாக ஒரே இழுப்பாக இழுத்தார். பிறகு ஓடவில்லை. கேமரா எங்கே இருக்கிறது என்று தேடினார். கண்டுபிடித்ததும் அதற்கு நேராக வந்து நின்றார்.

"என்ற பேரு மைனாவதிங்க," என்றார் கேமராவைப் பார்த்து. "ஊட்டுக்காரரு பேரு ஆறுச்சாமி. பீளமேட்டுல தண்ணித்தொட்டிக்குப் பொறகால, நாலாவது வூடு. சாயங்காலம் அஞ்சுக்கு மேல வந்தீங்கன்னா வூட்லதான் இருப்பேனுங்க."

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் சாவியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

"புத்தி சரியில்லாதவங்களா?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

"நீங்களே கேட்டுக்கலாம் சார். ரெண்டு தரப்பும் நேர்ல வரணும்ல. ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருக்காங்க."

அதே ஊதாப் புடவை. பெஞ்சின் ஓரத்தில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மைனாவதி, வெள்ளியங்கிரி திரும்பியதும் எழுந்து கும்பிட்டார்.

"வண்டி உங்களுதுங்களா? புதுசாட்ட இருக்குது. முன்னாடிப் பக்கம் கீறுனா எடுப்பாத் தெரியும்னு பொறகால கீறுனேனுங்க."

வெள்ளியங்கிரிக்கு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த கோபத்தை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "உங்களுக்கும் எனக்கும் என்னங்க பகை?" என்றார்.

"பகையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஜூன் பன்னண்டாந்தேதி, வியாழக்கெழமை, மத்தியானம் உங்க வண்டி ஆவாரம்பாளையத்துல, பேட்டர்ன் கடைச் சந்துல நின்னுச்சுங்களா?"

வெள்ளியங்கிரி யோசித்தார். பம்பின் உறைகளுக்கு அச்சு செய்கிற மரப்பட்டறை அந்தச் சந்தில்தான் இருந்தது. வியாழக்கிழமைகளில் அங்கே போய் மாதிரி பார்ப்பது அவர் வேலை. "நின்னிருக்கும்," என்றார்.

"டீக்கடைக்காரரும் அதேதாஞ் சொன்னாரு. நம்பரும் உங்க கம்பெனி பேரும் அவருதான் எழுதிக் குடுத்தாரு. அன்னிக்கு அந்தச் சந்துல நின்ன வண்டி இது ஒண்ணுதானாமா. என்ற ஊட்டுக்காரரு அந்தச் சந்துலதானுங்க செத்துப்போனாரு."

மைனாவதி சொன்னது இதுதான். ஆறுச்சாமி ஒரு மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை பார்த்தார். மத்தியானப் பந்தி முடிந்து, மூன்றரைக்கு மேல் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தச் சந்தில் விழுந்து கிடந்தார். நாலே காலுக்கு யாரோ பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். மாரடைப்பு. வலி வந்து அரை மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, வழக்கும் இல்லை.

"அந்த அரை மணி நேரந்தானுங்க எனக்கு வேணும்," என்றார் மைனாவதி. "அத்தனை நேரம் ஒரு மனுசன் ரோட்டுல என்னத்தப் பண்ணியிருப்பாரு? தண்ணி கேட்டாரா, என்னையக் கூப்பிட்டாரா, ஒண்ணுந் தெரியலீங்க. சோத்துல கை வெச்சா அதேதான் வருது."

"அதுக்கு ஏனுங்க வண்டியக் கீறணும்? எங்கிட்டக் கேட்டிருந்தா..."

"கேட்டாலும் உங்களால எடுத்துத் தர முடியாது சார்," என்று ஷாகிதா குறுக்கிட்டார். "நேத்து, முந்தாநாள் எடுத்ததுன்னா உங்க போன்லயே பாக்கலாம். அதுக்கு முன்னாடி உள்ளது கம்பெனியோட பெட்டகத்துல தொண்ணூறு நாளைக்கு இருக்கும், அப்பறம் தானா அழிஞ்சிரும். தெருவுல போறவங்களோட அந்தரங்கம்னு சொல்லி ஓனருக்கே தர மாட்டாங்க."

"போலீஸ் கேட்டா?"

"வண்டிக்குச் சேதம் ஆகியிருந்தா ஒரு நிமிசத்துல தருவாங்க. மனுசனுக்கு ஆகியிருந்தா மாடில மனு குடுக்கணும். இவங்க மூணு தடவை குடுத்திருக்காங்க. மூணு தடவையும் திரும்பி வந்திருச்சு."

"என்ன காரணம் சொன்னாங்க?"

"மனுதாரருக்கு வாகனம் இல்லைன்னு."

வெள்ளியங்கிரி ஷாகிதாவின் முகத்தைப் பார்த்தார். அவர் கேலி செய்யவில்லை.

"ஆனா ஒரு வழி இருக்குதுங்களே," என்றார் மைனாவதி. "நா கோர்ட்டு கேன்டீன்ல வேல பாக்கறனுங்க. வக்கீலுங்க வடை திங்கறப்போ பேசிக்குவாங்க. வண்டியச் சேதம் பண்ணுனவன், 'அந்தக் கீறல் முன்னாடியே இருந்துச்சு'ன்னு சொல்லலாமில்லீங்களா? அதுனால குத்தவாளிக்கு வண்டியோட தொண்ணூறு நாள் படம் முச்சூடும் காட்டியாகோணுமாமா. சட்டத்துலயே இருக்குது."

"இருக்கு," என்றார் ஷாகிதா. "பதினேழாவது பிரிவு."

"அதானுங்க கீறுனேன். நேத்தோட எம்பத்திரண்டு நாளு. இன்னும் ஒரு வாரம் போச்சுன்னா அழிஞ்சிரும்."

வெள்ளியங்கிரிக்கு மனசு இளகிவிட்டது. அவர் கெட்டவர் அல்ல. கையெழுத்தை அப்புறம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தத் தேதி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் பன்னிரண்டு. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிசகு என்று பட்டறைக்காரரோடு தகராறு நடந்த நாள் அது. பட்டறையிலிருந்து வெளியே வரும்போது இருட்டியிருந்தது.

போனை எடுத்தார். போனில் படங்கள் அழிந்துபோனாலும், கார் அனுப்பிய எச்சரிக்கைகளின் பட்டியல் அப்படியே இருக்கும். விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஆகஸ்டு, ஜூலை, ஜூன்.

"15:41. ஒரு நபர் வாகனத்தின் மேல் சாய்ந்துள்ளார். சேதம் இல்லை. உங்கள் தேர்வு: விரட்டு."

"15:44. அதே நபர் வாகனத்தின் மேல் சாய்ந்துள்ளார். சேதம் இல்லை. உங்கள் தேர்வு: விரட்டு."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்த அறிவிப்பு வரும்போது மூன்று பொத்தான்கள் வரும். பார், விடு, விரட்டு. பார் என்பதை யாரும் அழுத்துவதில்லை, படம் திறக்க நேரமாகும். விரட்டு என்பதை அழுத்தினால் கார் ஹாரன் அடித்து, தள்ளி நிற்கும்படி மரியாதையாகச் சொல்லும். அழுத்தியது வெள்ளியங்கிரிக்கு நினைவில்லை. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது. அந்த மில்லிமீட்டர் நினைவிருந்தது. பட்டறைக்காரரின் மூக்குக்கண்ணாடி நினைவிருந்தது. கட்டைவிரல் இரண்டு முறை அசைந்தது மட்டும் நினைவில் இல்லை.

நேராக ஆபீசுக்குப் போய் மாலை வரைக்கும் வேலை பார்த்தார்.

வீட்டில் அவருடைய மனைவி பிரபாவதி கதை முழுவதையும் கேட்டார். எச்சரிக்கைப் பட்டியலைப் பற்றி மட்டும் வெள்ளியங்கிரி சொல்லவில்லை. பிரபாவதி மருந்துக்கடை வைத்திருப்பவர். ஆட்களின் கஷ்டம் தெரிந்தவர்.

"பாவம், புருசனைப் பறிகொடுத்த பொம்பளை," என்றார். "கேஸ் எதுக்குங்க? வாபஸ் வாங்கிருங்க. பெயிண்டு அடிச்சா ஆச்சு."

வாபஸ். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெள்ளியங்கிரிக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. வாபஸ் வாங்கினால் வழக்கு இல்லை. வழக்கு இல்லையென்றால் குற்றவாளி இல்லை, பதினேழாவது பிரிவும் இல்லை. அடுத்த வாரம் படம் தானாக அழிந்துவிடும். ஏழைப் பெண்ணை மன்னித்த நல்ல மனிதர் என்று பேரும் கிடைக்கும். ஒரு தப்பை மறைப்பதற்கு இவ்வளவு மரியாதையான வழி வேறு யாருக்காவது கிடைத்திருக்குமா என்று நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் காவல் நிலையத்துக்குப் போய், வாபஸ் படிவத்தைத்தான் கேட்டார்.

ஷாகிதா படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "நல்ல மனசு சார் உங்களுக்கு. இந்தக் காலத்துல ஒரு புள்ளி பட்டாலே ஜெயிலுக்கு அனுப்புங்கறாங்க."

"வாபஸ் ஆயிட்டா அவங்க படம் பாக்க முடியாதில்லைங்களா?"

"முடியாது."

"திரும்பி வந்து இன்னொரு தடவை கீறுனா?"

"அதே ஆள், அதே வண்டின்னா ஒரு வருசத்துக்குப் புகார் ஏறாது சார். சமரசம் ஆனதாக் கணக்கு. எத்தனை கீறுனாலும் வண்டி கம்முனு இருக்கும்."

வெள்ளியங்கிரி பேனாவைத் திறந்தார். பெயர், வாகன எண், முகவரி எல்லாம் எழுதினார். வாபஸுக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. "மனிதாபிமானம்" என்று எழுதினார். கையெழுத்து இன்னும் போடவில்லை. அப்போது வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

மைனாவதி கேன்டீன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் மாவு காய்ந்திருந்தது. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"சார், வாபஸ் வாங்காதீங்க சார்," என்றார். "உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். நீங்க நல்லவரா இருக்கோணும்னா வேற யாருக்காச்சும் இருங்க. எம்மேல கேஸப் போடுங்க."

ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி உடைந்த கேசுக்கு வந்திருந்த ஒருவர் தன் கேசை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கேஸ் நடந்தா உங்களுக்குத் தண்டனைங்க," என்றார் வெள்ளியங்கிரி.

"குடுக்கட்டும். வாங்கிக்கறேன். ஒரு சாண் பத்தலீன்னா இன்னொரு சாண் கீறட்டுமுங்களா?"

வெள்ளியங்கிரி படிவத்தைப் பார்த்தார். மனிதாபிமானம் என்ற சொல் கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. அதைக் குறுக்கே அடித்தார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "புகார்ல எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் பிரபாவதி அவரோடு பேசவில்லை. ஆபீசில் செய்தி எப்படியோ பரவியது. ஒரு விதவையை, அதுவும் ஒரு சாண் கீறலுக்கு, கோர்ட்டுக்கு இழுக்கிறார் என்று. கூட வேலை பார்க்கும் செல்லமுத்து, "ஏனுங்ணா, பெயிண்டு நாங்க எல்லாருஞ் சேந்து அடிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டார். வெள்ளியங்கிரி வேண்டாம் என்றார். அதன் பிறகு டீ குடிக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் எல்லோரும் புரிந்துகொண்டிருப்பார்கள். முதலில் சொல்ல வேண்டியது மைனாவதியிடம்தான் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

படம் பார்க்கிற நாள் அடுத்த புதன்கிழமை, சரியாகத் தொண்ணூறாவது நாள். நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு திரை, மூன்று நாற்காலி. குற்றவாளி பார்க்கும்போது புகார்தாரர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, விருப்பம்தான் என்றார் ஷாகிதா. வெள்ளியங்கிரி இருப்பதாகச் சொன்னார்.

ஷாகிதா கருவியைத் திறப்பதற்குள் வெள்ளியங்கிரி பேசிவிட்டார்.

"அம்மா, அதுல ரெண்டு தடவை ஹாரன் சத்தம் வருமுங்க. அது தானா அடிச்சது இல்ல. நாந்தான் அடிக்கச் சொன்னேன். பட்டறைக்குள்ள உட்கார்ந்திருந்தேன், போன்ல வந்துச்சு. யாருன்னு பாக்கல. பாக்காமயே அமுக்கிட்டேன்."

மைனாவதி அவர் பக்கம் திரும்பினார். ஷாகிதா எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்தார். அதற்கு அவசியம் ஒன்றும் இருக்கவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?" என்றார் மைனாவதி.

"முதல் நாளே. உங்களப் பாத்துட்டு வெளிய போன உடனே."

"அப்புறமும் எதுக்கு வாபஸ் வாங்க வந்தீங்க?"

"அதுக்காகத்தான் வந்தேனுங்க."

மைனாவதி தலையை ஆட்டினார். திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "போடுங்கம்மா," என்றார் ஷாகிதாவிடம்.

மூன்று முப்பத்தொன்பதுக்கு ஆறுச்சாமி சந்துக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் தூக்குப்போசி. பத்தடி நடந்துவிட்டு நின்றார். நெஞ்சைப் பிடிக்கவில்லை. எதையோ மறந்து வைத்துவிட்டவர் போல நின்றார். பிறகு காரின் பக்கம் வந்து, கூரை விளிம்பில் கையை ஊன்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்கியது. கேமராவில் அவர் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்ததால், மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது தெரிந்தது.

ஹாரன் அடித்தது. "தயவுசெய்து வாகனத்தை விட்டு விலகி நிற்கவும்" என்றது ஒரு பெண் குரல்.

ஆறுச்சாமி துள்ளி விலகினார். காருக்குள் ஆள் இருப்பதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தூக்கி, மன்னிச்சுக்குங்க என்பது போல அசைத்தார். இரண்டு அடி தள்ளிப் போனார். போக முடியவில்லை. திரும்பி வந்து கதவில் சாய்ந்தார். மறுபடியும் ஹாரன். மறுபடியும் அதே குரல், அதே மரியாதை.

இந்த முறை அவர் துண்டை எடுத்தார். தன் கை பட்ட இடத்தில், கண்ணாடியிலும் கதவிலும் பதிந்திருந்த ஈரத்தைத் துடைத்தார். ஒரு இடம் விட்டுப்போனதைக் கவனித்து, குனிந்து அதையும் துடைத்தார். மெஸ்ஸில் மேசை துடைத்துப் பழகிய கை. பிறகு எதிர்ப்புறச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

வெள்ளியங்கிரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவரோரம் உட்கார்ந்தவர் பையிலிருந்து போனை எடுத்தார். திரையைத் தொட்டார். காதில் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மைனாவதி அழுதார். வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார். ஷாகிதா படத்தை நிறுத்தினார்.

"ஹாரன உடுங்க," என்றார் மைனாவதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது மத்தியானம் மூணே முக்கா. கேன்டீன்ல எனக்குப் பாத்திரம் கழுவற நேரம். வேல நேரத்துல கூப்பிடாதீங்க, மேஸ்திரி வெய்யறான்னு நா எத்தனையோ தடவ சொல்லியிருக்கறேன். அதான் கூப்பிடல. பாருங்க, எடுத்துட்டு வெச்சுட்டாரு." மூக்கைச் சிந்தினார். "நீங்க ரெண்டு தடவ வெரட்டுனீங்க. நா எட்டு வருசமாச் சொல்லிட்டிருந்தேன்."

"அதும் இதும் ஒண்ணில்லீங்க," என்றார் வெள்ளியங்கிரி.

"ஒண்ணில்லதான். ஒண்ணுன்னு நா சொல்லல." அவர் குரலில் முதல்முறையாக ஒரு கடுப்பு வந்தது. "உங்கள மன்னிக்கறதப் பத்தி இப்பக் கேக்காதீங்க. மீதியப் பாக்கோணும்."

மீதி இருபத்தொன்பது நிமிடம். ஆறுச்சாமி தூக்குப்போசியைச் சாயாமல் சுவரில் அண்டக் கொடுத்து வைத்தார். அதில் வீட்டுக்கு எடுத்துப்போகிற குழம்பு இருந்தது என்றார் மைனாவதி. துண்டை உதறி, மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, வேலை முடிந்து அசந்தவர் போலப் படுத்தார். ஆட்கள் போனார்கள், வந்தார்கள். திரையின் கீழ் ஓரத்தில் கார் தன் கணக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. பாதசாரிகள்: பத்தொன்பது. பாதசாரிகள்: இருபத்து மூன்று. வாகனத்துக்கு அபாயம்: இல்லை. நான்கு பத்துக்கு ஆறுச்சாமியின் ஒரு கால் அசைந்தது. அதன் பிறகு அசையவில்லை.

"அனத்தலயே," என்றார் மைனாவதி. "நா நெனச்ச அளவுக்கு இல்ல. கத்திக் கெடந்திருப்பாருன்னு நெனச்சேன்." பிறகு, "இன்னொருக்காப் போடுங்கம்மா. மொதல்ல இருந்து."

மூன்று முறை பார்த்தார்கள். மூன்றாவது முறை ஹாரன் வரும்போது வெள்ளியங்கிரி கண்ணை மூடிக்கொண்டார். "தெறங்க," என்றார் மைனாவதி, திரும்பிப் பார்க்காமலே. அவர் திறந்தார்.

வழக்கு இரண்டே வாரத்தில் முடிந்தது. கீறல் முன்பே இருந்ததா என்று நீதிபதி கேட்டார். இல்லீங்க, நாந்தான் கீறுனேன் என்றார் மைனாவதி. மூன்று நாள் காவல் நிலைய வாகனங்களைக் கழுவ வேண்டும் என்று தீர்ப்பானது. கழுவினார். மூன்றாம் நாள் வெள்ளியங்கிரி அங்கே போய் ஒரு வாளியை எடுத்தார். மைனாவதி தடுக்கவில்லை. ஜீப்பின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் இவர். முடிந்ததும் மைனாவதி, "சக்கரத்துக்குள்ள சேறு அப்படியே நிக்குது பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வெள்ளியங்கிரி பிரபாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "நானா இருந்தாலும் அமுக்கியிருப்பேன்," என்றார் பிரபாவதி. அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று இருவருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு செய்தி வந்தது. பதினேழாவது பிரிவில் ஓட்டை இருப்பதாக அரசு கண்டுபிடித்திருந்தது. குற்றவாளிக்கு இனி சேதம் நடந்த பத்து நொடி மட்டும் காட்டினால் போதும் என்று திருத்தம் வரப்போகிறது, புத்தாண்டு முதல் அமல். மனிதர்கள் பிரிவைப் பற்றி அந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை.

வெள்ளியங்கிரி அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தார். கடந்த தொண்ணூறு நாளில் கார் எந்த நாளில், எந்தத் தெருவில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நின்றது என்று. இரண்டு பக்கம் வந்தது. பெரிய எழுத்தில் அச்சடித்து, பின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினார். தலைப்பு ஒன்றும் போடவில்லை. யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை.

"இதெதுக்குங்க?" என்றார் பிரபாவதி.

"சும்மா. எங்கெங்க நின்னுச்சுன்னு."

முதல் மூன்று நாள் ஆட்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒருவர் ஒரு வரியின் மேல் விரலை வைத்து மூன்று முறை படித்ததாக ஆபீஸ் வாட்ச்மேன் சொன்னார். நான்காம் நாள் வலது முன்கதவில் ஒரு கீறல். ஐந்தாம் நாள் பானெட்டில் ஒன்று, டிக்கியில் ஒன்று.

சனிக்கிழமை காலையில் வெள்ளியங்கிரி காவல் நிலையத்தில் இருந்தார். பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். காணாமல் போன தம்பியைத் தேடும் ஒரு பெண். சைக்கிளில் போன மகளை இடித்துவிட்டுப் போனது யார் என்று தெரியாத ஒரு தகப்பன். மூன்றாமவர் எதற்கு வந்திருக்கிறார் என்று சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஷாகிதா மூன்று புகார்களையும் எடுத்து அடுக்கினார். கண்ணாடி ஜன்னல் வழியாக, வாசலில் நின்ற காரையும் அதன் பின்கண்ணாடியையும் ஒரு தரம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், இது நான் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. சொந்தக்காரரே சம்மதிச்சுக் கீற வெச்சா அது குற்றம் ஆகாது. கேஸ் நிக்காது, படமும் வராது. அதனால யோசிச்சுப் பதில் சொல்லுங்க. உங்க வண்டியக் கீறுனதுல உங்களுக்கு மெய்யாலுமே கோபம் இருக்குதுங்களா?"

வெள்ளியங்கிரி பெஞ்சில் இருந்த மூவரையும் பார்த்தார். மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்குதுங்க," என்றார். "நொம்பக் கோபம்."

"எந்த அளவுக்கு?"

"பொறுக்க முடியாத அளவுக்கு."

புகார்தாரர் கடுங்கோபத்தில் இருக்கிறார் என்று ஷாகிதா மூன்று முறை தட்டச்சு செய்தார். பிறகு அறையைத் திறக்கச் சாவியை எடுத்துக்கொண்டு, "மொதல்ல யாருங்க வர்றீங்க?" என்றார்.